கேட்காத கோபுரம்: தில்லியின் சிக்னல் பூஸ்டர்களை எங்கே நின்று சோதிப்பது?

தில்லியில் நிலத்துக்கு அடியில் நடக்கும் வாழ்க்கை சிறியதன்று. கன்னாட் பிளேஸில் பூமிக்குள் அமைந்திருக்கும் பாலிகா பஜாரை அந்நகருக்குச் சென்றவர் பலரும் அறிவர். கரோல் பாக், லாஜ்பத் நகர் போன்ற கடைத்தெருக்களில் கீழ்த்தளத்தைக் கிடங்காகவும் கடையாகவும் வைத்திருக்கும் கட்டடங்கள் பல. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து செல்லும் இளைஞர்களுக்குப் பழைய ராஜேந்திர நகரின் கீழ்த்தளப் படிப்பகங்கள் பழக்கமானவை. பழைய தில்லியின் சந்துகளிலோ தரைத்தளமே கீழ்த்தளம் போன்றதுதான். எதிரெதிர் வீடுகளின் மேல்மாடிகள் நெருங்கி வந்து வானத்தை ஒரு கீற்றாக்கிவிடுகின்றன.

இத்தகைய இடங்களுக்குள் செல்பேசி அலைகள் எளிதில் நுழைவதில்லை. கம்பி கட்டிய கான்கிரீட்டும் மண்ணும் அவற்றைத் தடுத்துவிடும். வாடிக்கையாளர் பணம் செலுத்த முயலும்போது இணைப்பு அறுந்தால் கடைக்காரருக்கு நட்டம். ஆகவே அவர் ஒரு சிறு பெட்டியை வாங்குகிறார். மொட்டை மாடியில் ஓர் ஆண்டெனா, கடைக்குள் இன்னோர் ஆண்டெனா, இடையில் பெட்டி. பேச்சுவழக்கில் அது பூஸ்டர். தொழில்நுட்ப வழக்கில் ரிப்பீட்டர். மின்சாரம் கொடுத்ததும் செல்பேசித் திரையில் ஒற்றைக் கோடாக இருந்த சிக்னல் நான்கு கோடுகளாக எழுகிறது. கருவி நன்றாக வேலை செய்கிறது என்று கடைக்காரர் முடிவு செய்கிறார்.

அவர் நடத்திய சோதனையில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அது தவறான இடத்தில் நடத்தப்பட்ட சோதனை. திரையில் தெரியும் கோடுகள், கோபுரம் பேசுவது செல்பேசிக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. செல்பேசிகள் பேசுவது கோபுரத்துக்கு எப்படிக் கேட்கிறது என்பதை எந்தக் கடைக்காரரின் திரையும் காட்டுவதில்லை. ரிப்பீட்டரால் விளையும் தீங்கு பெரும்பாலும் அந்த இரண்டாவது திசையில்தான் நிகழ்கிறது.

*

செல்பேசிக் கோபுரம் பேசுவதற்கும் கேட்பதற்கும் தனித்தனி அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. இந்தியாவில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கும் 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையை எடுத்துக்கொண்டால், 935 முதல் 960 வரை கோபுரம் பேசுகிறது. 890 முதல் 915 வரை கேட்கிறது. பேசும் பக்கம் வலிமையானது. கேட்கும் பக்கமோ மிக மென்மையானது. ஒரு 4ஜி செல்பேசி உச்ச அளவில் வெளியிடும் ஆற்றலே சுமார் 0.2 வாட்தான். சுவர்களையும் மரங்களையும் கடந்து கோபுரத்தை அடையும்போது அதில் எஞ்சுவது மிகச் சிறு துளி. அத்துளியைப் பொறுக்கி எடுப்பதற்காகவே கோபுரத்தின் ஏற்பி வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

அந்த ஏற்பி எவ்வளவு மெல்லிய குரலைக் கேட்க முடியும் என்பதற்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. வெப்பம் உள்ள எந்த மின்கடத்தியிலும் எலெக்ட்ரான்கள் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கின்றன. அந்த அலைச்சல் ஒரு மெல்லிய மின் இரைச்சலை உண்டாக்குகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் இதனை அளந்தார். அவருடன் பணியாற்றிய நைக்விஸ்ட் அதன் கணிதத்தை விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928-இல் வெளிவந்தன. எந்த ஏற்பியாலும் இந்த இரைச்சலை முற்றிலும் நீக்க முடியாது. கோபுரத்தின் ஏற்பி அதற்குச் சற்று மேலே நின்று, அதைவிடச் சிறிதே உரத்த குரல்களைக் கேட்கிறது.

ரிப்பீட்டரின் பெருக்கியும் மின்கடத்திகளால் ஆனதே. எனவே அதற்குள்ளும் இதே இரைச்சல் உண்டு. கீழ்த்தளத்தில் ஒருவரும் பேசாத நள்ளிரவில்கூட, மலிவான பூஸ்டர் தன் சொந்த இரைச்சலைப் பல லட்சம் மடங்கு பெருக்கி, மாடியில் உள்ள ஆண்டெனா வழியாகக் கோபுரத்தின் செவியை நோக்கி அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே ரிப்பீட்டரைச் சோதிக்க விரும்புவோர் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி, யாரும் பேசாதபோது அது என்ன செய்கிறது என்பதாகும்.

*

இக்கேள்வி செல்பேசிக்கு முற்பட்டது. அமெச்சூர் வானொலியாளர்களும் காவல்துறைத் தொழில்நுட்பர்களும் தங்கள் ரிப்பீட்டர்களில் இதனை எதிர்கொண்டிருக்கின்றனர். அவர்களுடைய ரிப்பீட்டர் சற்று வேறு வகை. உயரமான இடத்தில் நிற்கும் அது ஓர் அலைவரிசையில் மெல்லிய குரலைக் கேட்டு, அக்கணமே அருகிலுள்ள இன்னோர் அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்கிறது. 144 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டையில் இவ்விரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 0.6 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. பல நிலையங்களில் பேசுவதும் கேட்பதும் ஒரே ஆண்டெனா.

இதிலுள்ள சிக்கலின் அளவை ஒரு கணக்கு உணர்த்தும். பரப்பியின் ஆற்றல் 50 வாட் என்க. ஏற்பி கேட்க வேண்டிய மெல்லிய குரல், ஆண்டெனா முனையில் 0.2 மைக்ரோவோல்ட். இவ்விரு ஆற்றல்களுக்கும் இடையிலான விகிதம், 6 என்று எழுதி அதன்பின் 16 சுழிகளை இட்டால் வரும் எண்ணையும் விஞ்சும். பொறியாளர்கள் இதனை 168 டெசிபல் என்பர். டெசிபல் கணக்கில் 3 கூடினால் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. இத்தனை உரக்கப் பேசும் வாயின் அருகிலேயே அத்தனை கூர்மையான செவியை வைக்க வேண்டியிருப்பதால், ட்யூப்ளெக்சர் எனப்படும் வடிகட்டித் தொகுதி இடையே வைக்கப்படுகிறது. அது சரியாக இசைக்கப்படாவிட்டால் ரிப்பீட்டர் தன் குரலாலேயே செவிடாகும்.

செவிட்டுத்தன்மையை அளக்கும் சோதனை எளியது. முதலில் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஆற்றலை வெப்பமாக விழுங்கும் போலிச் சுமை ஒன்றைப் பூட்டுவர். பரப்பியை அணைத்து வைத்து, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து மெல்லிய ஒலியை ஏற்பிக்குள் செலுத்தி, சொல் மட்டுமட்டாகப் புரியும் அளவுவரை குறைத்து அந்த அளவைக் குறித்துக்கொள்வர். அடுத்துப் பரப்பியை இயக்குவர். ஒலி மாறாமல் இருந்தால் குறையில்லை. ஒலி இரைச்சலுக்குள் மூழ்கினால், பழைய தெளிவு திரும்பும்வரை ஜெனரேட்டரின் அளவை உயர்த்துவர். எத்தனை டெசிபல் உயர்த்த நேர்ந்ததோ அத்தனை டெசிபல் செவிட்டுத்தன்மை. பின்னர் போலிச் சுமையை அகற்றி, உண்மையான ஆண்டெனாவைப் பொருத்தி இரண்டு அளவீடுகளையும் மீண்டும் எடுப்பர். சுமையில் நன்றாக இருந்து ஆண்டெனாவில் கெட்டால் குறை பெட்டிக்குள் இல்லை. கேபிள் இணைப்பிலோ, ஆண்டெனாவிலோ, துருப்பிடித்த போல்ட்டிலோ, அக்கம்பக்கத்துக் கருவியிலோ இருக்கிறது.

இம்முறையில் இரண்டு பாடங்கள் அடங்கியுள்ளன. பேசுபவரின் உரத்த குரலை அளப்பதால் பயனில்லை, கேட்பவரின் செவியை அளக்க வேண்டும் என்பது ஒன்று. மேசைமீது தேறிய கருவி, நிறுவப்பட்ட இடத்தில் தேறாமல் போகலாம் என்பது மற்றொன்று. தில்லியின் பூஸ்டர் சிக்கலுக்கு இவ்விரண்டும் அப்படியே பொருந்தும்.

*

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பூஸ்டரின் பெருக்கம் 70 டெசிபல், அது தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல் 6 டெசிபல் என்க. கோபுரத்தின் ஏற்பி தானாகச் சேர்ப்பது 4 டெசிபல். கட்டடங்கள் மறைக்கும் ஓரிடத்தில், ஆண்டெனாக்களின் பலத்தையும் கணக்கில் கொண்டு, பூஸ்டருக்கும் கோபுரத்துக்கும் இடையிலான மொத்த இழப்பு 80 டெசிபல் ஆகட்டும். அங்கிருந்து கோபுரத்தை அடையும் இரைச்சல், கோபுரத்தின் சொந்த இரைச்சலைவிட 8 டெசிபல் தாழ்ந்தே இருக்கும். கோபுரம் அதனைப் பெரிதாக உணராது.

இனி அதே பெட்டியைக் கோபுரத்திலிருந்து சுமார் 300 மீட்டர் தொலைவில், இடையே தடையேதும் இல்லாத மொட்டை மாடிக்குக் கொண்டுசென்று, ஆண்டெனாவை நேராகக் கோபுரத்தை நோக்கித் திருப்பலாம். மொத்த இழப்பு 60 டெசிபலாகக் குறைந்துவிடும். அப்போது வந்துசேரும் இரைச்சல் கோபுரத்தின் சொந்த இரைச்சலைவிட 12 டெசிபல் உயர்ந்து நிற்கும். கோபுரம் உணரும் மொத்த இரைச்சல் ஏறத்தாழ 17 மடங்காகும். அக்கோபுரத்தின் எல்லையோரத்தில் ஏற்கெனவே முழு ஆற்றலோடு முயன்றுகொண்டிருக்கும் செல்பேசி, இனி 3 வாட்டுக்கும் மேல் வெளியிட்டால்தான் பழையபடி கேட்கும். அதனிடம் இருப்பது 0.2 வாட். அழைப்பு அறுந்துவிடும்.

பெட்டி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஓரிடத்தில் சாதுவாக இருந்தது இன்னோரிடத்தில் ஒரு பகுதியின் அழைப்புகளையே குலைக்கிறது. மேலும், கோபுரத்துக்கு மிக அருகில் இருப்பவர்தான் கூடுதல் தீங்கு விளைவிக்கிறார்.

இதனினும் கவலைக்குரியது கூட்டல். 8 டெசிபல் தாழ்ந்து நிற்கும் சாதுவான பூஸ்டர்கள் பத்து ஒரே கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் தனியே சோதித்தால் ஒவ்வொன்றும் தேறும். பத்தும் சேர்ந்தால் கோபுரத்தின் இரைச்சல் 2.6 மடங்காகிவிடும். அடர்ந்த கடைத்தெருவில் பத்து என்பது பெரிய எண் அன்று. யாரையும் தனியே குற்றவாளி என்று சுட்ட முடியாத நிலையில், அனைவரும் சேர்ந்து விளைவித்த சேதம் அது.

பெருக்கம் எல்லை மீறினால் வேறொரு கேடும் நேரும். கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக் குழாயின் முன்னால் கொண்டுசென்றால் ஊளைச் சத்தம் கிளம்புவதைக் கேட்காதவர் இல்லை. மாடி ஆண்டெனாவும் கடை ஆண்டெனாவும் போதிய மறைப்பின்றி அருகருகே இருந்தால் பூஸ்டரும் அப்படியே ஊளையிடும். மனிதச் செவிக்கு அது எட்டாது. கோபுரத்துக்கோ வேறொன்றும் கேட்காது. இதைத் தவிர்க்க, இரு ஆண்டெனாக்களுக்கும் இடையிலான மறைப்பு, பெட்டியின் பெருக்கத்தைவிட ஏறத்தாழ 15 டெசிபலேனும் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது நிறுவுவோரின் பொது விதி. அதை அளக்காமலே ஆணி அடித்து மாட்டப்பட்ட பெட்டியிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க இயலாது.

*

கோபுரம் செவிடாவதை முதலில் அறிவது செல்பேசி நிறுவனத்தின் கணினி. ஏற்பியை வந்தடையும் மொத்த ஆற்றலைக் கோபுரம் இடைவிடாமல் அளந்து பதிவு செய்கிறது. அந்தக் கோடு காரணமின்றி உயர்ந்தால் பொறியாளர்கள் தேடத் தொடங்குவர். பெரும்பாலான கோபுரங்கள் மூன்று முகங்கள் கொண்டவை. எந்த முகத்தில் இரைச்சல் மிகுதி என்பது திசையை ஓரளவு சொல்லிவிடும். அந்தத் திசையில் வண்டியோடு சென்று, பின்னர் தெருவில் நடந்து, இறுதியில் படியேறி மொட்டை மாடிகளைப் பார்க்க வேண்டும். ஒரு கையில் திசை காட்டும் ஆண்டெனா, மறு கையில் ஸ்பெக்ட்ரம் அனலைசர்.

தனியார் நிறுவனத்தின் பொறியாளர் யார் வீட்டுக்குள்ளும் உரிமையோடு நுழைய முடியாது. எனவே புகார் அரசிடம் செல்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் கீழ் 1952-இல் உருவாக்கப்பட்ட அலைவரிசைத் திட்டமிடல், ஒருங்கிணைப்புப் பிரிவும், அதன் கண்களாக இயங்கும் வானொலிக் கண்காணிப்பு அமைப்பும் இத்தகைய குறுக்கீடுகளை ஆராயும் பொறுப்புடையவை. கண்காணிப்பு அமைப்பின் தலைமையகம் தில்லியிலேயே உள்ளது. சட்டப்புறம்பான பூஸ்டர்களைத் தேடித் தில்லியின் பல பகுதிகளில் அதன் அலுவலர்கள் சோதனை நடத்திக் கருவிகளை அகற்றியிருக்கின்றனர்.

இத்தேடலில் அவசரம் ஆகாது. இரைச்சலுக்கெல்லாம் பூஸ்டரே காரணம் என்று கொள்வது பிழை. கோபுரத்திலேயே துருப்பிடித்த இணைப்பு ஒன்று இருந்தால், அது இரண்டு வலிய அலைகளைக் கலந்து மூன்றாவது ஒன்றைப் பிறப்பிக்கும். 936 மெகாஹெர்ட்ஸை இரு மடங்காக்கி 958-ஐக் கழித்தால் 914 கிடைக்கும். பேசும் பட்டையில் இருந்த இரண்டு அலைகள், துருவின் உதவியால், கேட்கும் பட்டைக்குள் ஒரு குழந்தையைப் பெற்றுவிட்டன. மூன்றாவதாக ஐயத்துக்குரியது பக்கத்துப் பட்டை. இந்தியாவில் 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கோபுரங்கள் பேசும் பகுதி 889-இல் முடிகிறது. 900 பட்டையில் கோபுரங்கள் கேட்கும் பகுதி 890-இல் தொடங்குகிறது. ஒருவர் உரக்கப் பேசும் அறைக்கும் இன்னொருவர் காதைத் தீட்டிக் கேட்கும் அறைக்கும் நடுவே மெல்லிய சுவர் மட்டுமே.

இம்மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது? நேரம் ஒரு தடயம். கரோல் பாக் சந்தைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்நாளில் மட்டும் இரைச்சல் அடங்கினால் ஏதோ ஒரு கடையின்மேல் ஐயம் விழுவது இயல்பு. ஆனால் துருவால் வரும் இரைச்சலும் கோபுரத்தின் வேலைப்பளு குறையும்போது தணியக்கூடியதே. சந்தை இல்லாத நாளில் வேலைப்பளுவும் குறையலாம். ஆகவே நேரத்தை மட்டும் நம்பி ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது. கோபுரத்தின் பேச்சைச் சில நிமிடம் நிறுத்திப் பார்ப்பது துருவைக் காட்டிக்கொடுக்கும். ஐயத்துக்குரிய பூஸ்டரின் மின்செருகியைக் கழற்றி, கோபுரத்தின் பதிவில் கோடு இறங்குகிறதா என்று பார்ப்பதும், மீண்டும் செருகி அது ஏறுகிறதா என்று பார்ப்பதும் இறுதிச் சான்று. அமெச்சூர் நிலையத்தில் பரப்பியை இயக்கியும் அணைத்தும் பார்த்த அதே சோதனை, இங்கே ஒரு நகரத்தின் அளவில் நடக்கிறது.

*

சட்டம் இவ்வளவு நுணுக்கமாகப் பேசுவதில்லை. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும், 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் நெடுங்காலம் இத்துறையை ஆண்டன. உரிமமின்றி வானொலிப் பரப்பியை வைத்திருப்பதே குற்றம் என்றது 1933-ஆம் ஆண்டுச் சட்டம். மூன்றாண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அது இடமளித்தது. அவ்விரு சட்டங்களின் இடத்தில் கொண்டுவரப்பட்ட 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவியை வைத்திருக்க அனுமதி வேண்டும் என்னும் அடிப்படையைத் தக்கவைத்துக்கொண்டது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் செல்பேசி ரிப்பீட்டரை வைத்திருப்பதோ, விற்பதோ, பயன்படுத்துவதோ சட்டத்துக்குப் புறம்பானது என்று தொலைத்தொடர்புத் துறை 2022-இல் பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு பேச, தில்லியில் சுக்ராம் கேட்ட இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு வந்து சேர்ந்த சஞ்சார் பவன்தான் இத்துறையின் இருப்பிடம்.

வேறு நாடுகள் வேறு வழியில் சென்றிருக்கின்றன. அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையம் 2013-இல் பொதுமக்களுக்கான பூஸ்டர்களுக்கு விதிமுறை வகுத்தது. அதன்படி, கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் வலிமையைப் பெட்டியே அளந்து, கோபுரம் அருகில் இருப்பதாகத் தெரிந்தால் தன் இரைச்சலைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும். கோபுரத்தை நோக்கிய திசையில் ஊளை தொடங்கினால் 0.3 விநாடிக்குள் அடங்க வேண்டும். குறைந்தது ஒரு நிமிடம் மௌனம் காக்க வேண்டும். ஐந்து முறை மீண்டும் முயன்றும் ஊளை நிற்காவிட்டால், மனிதர் ஒருவர் வந்து தொடும்வரை அணைந்தே இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஆய்வகத்தில் நிரூபித்த பின்னரே கருவி விற்பனைக்கு வரலாம். உள்ளீட்டில் சிக்னல் எதுவும் தராமல், வெளியீட்டில் எவ்வளவு இரைச்சல் வருகிறது என்று அளப்பதும் அச்சோதனைகளில் ஒன்று. பிரிட்டனின் ஆஃப்காம் அமைப்பும் 2018-இல், குறித்த தொழில்நுட்பத் தகுதிகள் உடைய கட்டட ரிப்பீட்டர்களுக்கு உரிமத் தேவையை நீக்கியது.

இந்தியா அவ்வழியைப் பின்பற்றாததற்கு நியாயம் இல்லாமலில்லை. மேலே கண்ட கூட்டல் கணக்கே அந்த நியாயம். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியே தேறினாலும், அடர்ந்த நகரத்தில் அவை சேர்ந்து கோபுரத்தைச் செவிடாக்கலாம். எத்தனை பெட்டிகள், எங்கெங்கே என்பதை அறிந்திருக்கக்கூடியவர் கோபுரத்தை நடத்துபவர் மட்டுமே. ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. தடை விதித்த பின்னரும் தேவை மறையவில்லை. தகுதிச் சோதனை என ஒன்று இருந்திருந்தால் வாங்குபவர் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய ஒரு முத்திரையேனும் கிடைத்திருக்கும். எல்லாமே சட்டப்புறம்பு என்னும்போது, சந்தையில் கிடைப்பது எவ்விதச் சோதனையும் காணாத பெட்டிதான்; தன் இரைச்சலைத் தானே அடக்கிக்கொள்ளும் அறிவு அதற்கு இல்லை.

*

இதில் பாதிக்கப்படுபவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோபுரத்தின் இரைச்சல் உயரும்போது முதலில் அறுபடுவது எல்லையோரத்தில் இருப்பவரின் அழைப்பு. எல்லையோரம் என்றால் ஊருக்கு வெளியே என்று பொருளன்று. பூஸ்டர் வைத்த கடைக்கு மூன்றாவது கட்டடத்தின் பின்கட்டில், சன்னல் இல்லாத அறையில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளியும் எல்லையோரத்தவரே. பூஸ்டர் வாங்க அவரிடம் பணமில்லை. அவரிடம் இருந்தது ஒற்றைக் கோடு சிக்னல். அதைக்கொண்டுதான் ஊரிலிருக்கும் மனைவியோடு பேசி வந்தார். நள்ளிரவில் 112-ஐ அழைக்க நேர்ந்தாலும் அதே ஒற்றைக் கோட்டைத்தான் நம்ப வேண்டும். அவருடைய திரையில் அந்தக் கோடு இப்போதும் அப்படியே நிற்கும், ஏனெனில் கோபுரம் பேசுவதில் குறையில்லை. எண்ணை அழுத்துவார், இணைப்பு கிட்டாது. தன் பழைய செல்பேசி கெட்டுவிட்டது என்றே நினைத்துக்கொள்வார்.

கடைக்காரரும் கொடியவர் அல்லர். தன் தொழிலுக்கான சிறு வசதியைத் தேடியவர் அவர். அவருடைய செயலின் விளைவு அவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத அலைவரிசையில் நிகழ்வதால், அதை உணர்த்த வேண்டிய கடமை அறிந்தவர்களுக்கு உண்டு. அபராதத்தைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் அந்த உணர்வைத் தராது.

கீழ்த்தளத்துக்கு வேறு வழிகளும் பிறந்துள்ளன. வைஃபை வழியாகவே செல்பேசி அழைப்பைச் செய்யும் வசதியை ஏர்டெல் 2019 டிசம்பரில் முதலில் தில்லி வட்டாரத்தில்தான் தொடங்கியது. ஜியோவும் அடுத்த மாதமே அவ்வசதியை வழங்கியது. கம்பிவழி இணைய இணைப்பு உள்ள கடைக்கு இன்று பூஸ்டர் தேவையே இல்லை. செல்பேசியின் அமைப்புகளில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். பெரிய கட்டடங்களுக்கு, நிறுவனங்களே அளந்து அமைக்கும் உட்கட்டட ஆண்டெனா ஏற்பாடு உண்டு. கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்புத் தரத்தை மதிப்பிட்டுச் சான்று அளிப்பதற்கான ஒழுங்குமுறைகளை டிராய் 2024-இல் வெளியிட்டது. தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் போலச் செல்பேசி அலைக்கும் கட்டும்போதே வழிவகுக்க வேண்டும் என்னும் எண்ணம் அதன் அடிப்படை.

ஏற்கெனவே மாடியில் ஆண்டெனா மாட்டியிருப்பவர் ஒருநாள் அந்தப் பெட்டியின் மின்செருகியைக் கழற்றிவிட்டு, வைஃபை அழைப்பை இயக்கிப் பார்க்கலாம். அவருடைய திரையில் கோடுகள் குறையும், அழைப்புகள் குறையா. அதே நிமிடத்தில், சற்றுத் தொலைவில் நிற்கும் கோபுரத்தின் பதிவேட்டில் இரைச்சல் கோடு கீழிறங்கும். மூன்றாவது கட்டடத்தின் பின்கட்டில் யாரோ ஒருவருடைய அழைப்பு முதல் முயற்சியிலேயே சென்று சேரும்.